கவுன்சிலர் அறைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கவுன்சிலிங் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சீட்டுதான். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் "கவுன்சிலிங் எப்போ?" என்று கேட்டால் கட்-ஆஃப், ரேங்க், எத்தனையாவது சுற்று என்று பேச்சு போகும். கல்லூரிக்குள் நுழைந்ததும் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் ஒட்டிக்கொள்கிறது. நாலு அரியர் வைத்தவனை, ஹாஸ்டல் கைகலப்பில் மாட்டியவனை, மாதக்கணக்கில் வகுப்புக்கு வராதவளைப் பற்றிப் பேசும்போது "கவுன்சிலிங் அனுப்பியிருக்காங்க" என்பார்கள். "அனுப்பியிருக்காங்க" என்று சொல்லும் தோரணையிலேயே அது தண்டனை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு. நீங்களாகவே போய், கதவைச் சாத்திக்கொண்டு, முக்கால் மணி நேரம் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு வருவது. பெரும்பாலான கல்லூரிகளில் இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. இருந்தும் அந்த அறை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும்.

நான் படித்த பொறியியல் கல்லூரியில் அந்த அறை நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் அலுவலகக் கவுன்டர், இன்னொரு பக்கம் முதல்வர் அறை. வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் நீளமான ரெஜிஸ்டர், நூலில் கட்டிய பேனா. தேதி, பெயர், பதிவு எண், துறை, காரணம் என்று ஐந்து கட்டம். இரண்டாம் ஆண்டில் மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லாமல் ஒருநாள் அந்த மேஜைவரை போய்விட்டேன். எனக்கு முன்னால் வந்துபோன ஏழெட்டுப் பேரின் பெயரும் காரணமும் பளிச்சென்று தெரிந்தன. "லவ் ஃபெயிலியர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பதிவு எண்ணைப் பார்த்தால் எங்கள் வகுப்பு. நான் காரணக் கட்டத்தில் "போனஃபைடு சான்றிதழ்" என்று எழுதிவிட்டு, பக்கத்துக் கவுன்டரில் நின்று உண்மையிலேயே ஒரு போனஃபைடு வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். மறுபடி அந்தப் பக்கம் போக ஏழு மாதம் ஆனது.

அதனால், "மாணவர்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். விழிப்புணர்வெல்லாம் இருக்கிறது. யாருக்குத் தெரியவரும், எங்கே எழுதிவைப்பார்கள், வீட்டுக்குப் போன் போகுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் திரும்பிப் போகிறார்கள். அந்தக் கணக்கில் தப்பில்லை. அதை மனசுக்குள்ளேயே போட்டு முடித்துவிடாமல், உள்ளே உட்கார்ந்திருப்பவரிடமே நேராகக் கேட்டுவிடலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மேலே போவதற்கு முன் ஒன்று. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இப்போதே உங்களை அலைக்கழிக்கிறது என்றால் இந்தப் படிகளெல்லாம் அப்புறம். 14416-ஐ அழையுங்கள். இது டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்குவது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. போன் செய்யத் தெம்பில்லை என்றால் அறைத்தோழரை எழுப்புங்கள். தூக்கம் கெட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உதவி கிடைக்கும்வரை தனியாக இருக்காதீர்கள்.

முதல் படி: யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். கல்லூரியில் உங்களைக் கவனிக்க நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லோரிடமும் எல்லாம் சொல்ல முடியாது.

மென்டார் உங்கள் துறையில் பாடம் எடுக்கும் ஆசிரியர். இருபது பேருக்கு ஒருவர் என்பதுபோலப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். சில கல்லூரிகளில் இவரையே "கிளாஸ் கவுன்சிலர்" என்று அழைப்பதால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் பெயரில் இவரிடம் ஒரு கோப்பு இருக்கும். இன்டர்னல் மதிப்பெண், வருகைப்பதிவு, அப்பாவின் கைப்பேசி எண் எல்லாம் அதில்தான். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் வீட்டுக்குப் போன் போடுவது இவர் பொறுப்பு. தங்கமான மனிதராக இருக்கலாம், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோப்பு துறைத் தலைவர் கேட்டால் போகும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் மேஜைமேல் அடுக்கப்படும். உங்கள் பேச்சை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருடைய வேலையில் யாரும் விதி எழுதிவைக்கவில்லை.

வார்டனும் அப்படித்தான். அவருடைய முதல் கவலை ஹாஸ்டல்.

கவுன்சிலர் என்று நான் இங்கே சொல்வது உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்து, இதையே வேலையாகச் செய்பவரை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அதற்கென்று தனிப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் சொல்வார், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இந்த இருவரும் மாத்திரை எழுத மாட்டார்கள். மாத்திரை எழுதக்கூடியவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர்.

குழப்பமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி போதும். இவர் எனக்கு இன்டர்னல் மார்க் போடுவாரா? போடுவார் என்றால் அவர் உங்களுக்குக் கவுன்சிலர் இல்லை, கதவில் என்ன பலகை தொங்கினாலும் சரி. சின்னக் கல்லூரிகளில் உளவியல் தெரிந்த ஓர் ஆசிரியரையே கவுன்சிலராகவும் போட்டிருப்பார்கள். அவரிடம் பாடம் படிக்காத துறையினர் போகலாம். அவரிடமே படிப்பவர்கள் வெளியே பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: உங்கள் கல்லூரியில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், ஆந்திராவில் பயிற்சி மையத்தில் படித்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டு நெறிகளைச் சொன்னது. அதன்படி 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரையாவது, உளவியலாளரையாவது, சமூகப் பணியாளரையாவது வைத்திருக்க வேண்டும். அதைவிடச் சின்ன நிறுவனம் என்றால் வெளியில் உள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். டெலி-மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை வகுப்பறை, விடுதி, இணையதளம் எல்லா இடத்திலும் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஆக, "எங்க காலேஜ்ல அதெல்லாம் கிடையாது" என்பது இனிமேல் கல்லூரி விளக்கம் சொல்ல வேண்டிய குறை. மாணவர் பேரவையோ வகுப்புப் பிரதிநிதியோ இந்தத் தீர்ப்பைச் சொல்லி ஒரு கடிதம் கொடுக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் "மனம்" என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. அங்கே படிப்பவர்கள் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆள் இருக்கிறார், ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்றால் கல்லூரி இணையதளத்தில் மாணவர் நலன் பக்கத்தைத் திறங்கள். முதல் வாரம் கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கங்களையும் புரட்டுங்கள். அதிலும் இல்லையென்றால் ஒரு சீனியரிடம் "என் ஃபிரெண்டுக்கு வேணும்" என்று கேளுங்கள். அந்தப் பொய்யை எல்லா சீனியருமே ஒருகாலத்தில் சொன்னவர்கள்தான்.

மூன்றாம் படி: இதற்கெல்லாம் போகலாமா?

போகலாம். ஆனால் இந்தக் கேள்வியில்தான் பலர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறோம். "என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, நான் போய் அவங்க நேரத்தை வீணாக்கணுமா?" இதே நியாயத்தைக் காய்ச்சலுக்கு யாரும் பேசுவதில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள். கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்கள், மனம் சோர்ந்து கிடந்தீர்கள், தூக்கம் கெட்டது அல்லது மிதமிஞ்சியது, சாப்பாடு இறங்கவில்லை, படிப்பில் மனம் ஒட்டவில்லை என்று கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் யாரையாவது பார்த்துவிடுவது நல்லது. 10-க்குக் கீழே இருந்தாலும் போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஒன்பதாவது கேள்வி செத்துப்போய்விடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கூட்டிப்பார்க்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள்.

எண்ணே வேண்டாம் என்பவர்களுக்கு உடம்பே சொல்லிவிடும். நம்மில் பலருக்கு மனசு முதலில் வயிற்றிலும் நெஞ்சிலும்தான் பேசும். தேர்வறை வாசலில் குமட்டல், காலையில் எழுந்ததும் நெஞ்சு படபடப்பு, ஈசிஜியில் எதுவும் இல்லை என்று ஹெல்த் சென்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு அடையாளம் ஹாஸ்டலில் மட்டும் தெரிவது. மெஸ்ஸில் கூட்டம் குறைந்த பிறகு போய்ச் சாப்பிடத் தொடங்கியிருப்பீர்கள்.

பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. தமிழ்வழியில் படித்துப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை, முதல் செமஸ்டரில் ஆங்கில வகுப்புகளில் எதுவும் பிடிபடாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போதுமான காரணம். நினைத்த துறை கிடைக்காமல் வேறு துறையில் சேர்ந்தது, வீட்டுக் கடன், காதல், சாதியைச் சொல்லிக் காட்டிய ஒரு பேச்சு, எதுவும் தோன்றாத ஒரு வெறுமை, எதற்கு வேண்டுமானாலும் போகலாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலக் கோளாறு இருந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரிந்தது. "நமக்கெல்லாம் எதுக்கு" என்று தள்ளிப்போட்டவர்கள் அதில் எத்தனை பேரோ.

நான்காம் படி: நேரம் வாங்குவது

நேரில் போய் வாசலில் நிற்பதைவிட ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பிவிடுங்கள். எப்படி எழுதுவது என்று யோசித்தே ஒரு வாரம் ஓடிவிடும் என்பதால் நானே எழுதித் தருகிறேன்:

"வணக்கம் மேடம். நான் முதலாமாண்டு மாணவர். உங்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும். இந்த வாரம் எப்போது வரலாம்? கூட்டமில்லாத நேரமாக இருந்தால் நல்லது. தமிழில் பேச விரும்புகிறேன்."

அவ்வளவுதான். துறையும் பதிவு எண்ணும் காரணமும் இப்போது வேண்டாம். தமிழில் பேச வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "ஒரு மாதிரியா இருக்கு", "மனசே சரியில்ல", "எதுவும் ஓட மாட்டேங்குது" என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் சொல் தேடிக்கொண்டிருந்தால் நேரம் அதிலேயே போய்விடும். நான் முதல்முறை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "ஐ ஆம் நாட் ஏபிள் டு" என்பதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர்தான் "தமிழ்லயே சொல்லுப்பா" என்றார்.

வகுப்பு நடக்கும் நேரத்தில் போவதா, மாலையில் போவதா? இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பு நேரத்தில் நடமாட்டம் குறைவு, ஆனால் வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடும் "ஆன் டூட்டி" (ஓ.டி.) அனுமதி கேட்டு மென்டாரிடம் நிற்க வேண்டிவரும். அதனால் லைப்ரரி நேரம், விளையாட்டு நேரம் மாதிரி கணக்கில் வராத பீரியடாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் என் கல்லூரியைப்போல ரெஜிஸ்டர் வைத்திருந்தால் எழுதாமல் உள்ளே போய், "நான் அதில் எழுதவில்லை, எழுதினால் எல்லோருக்கும் தெரிகிறது" என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பிறகு யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். நாலாம் ஆண்டில் பார்த்தபோது ரெஜிஸ்டர் அறைக்குள் போயிருந்தது, காரணக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

ஐந்தாம் படி: உங்கள் கதைக்கு முன்னால் உங்கள் கேள்விகள்

முதல் சந்திப்பு உங்களுக்குப் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். அது அவருக்குத்தான் பரீட்சை. உட்கார்ந்ததும் "பேசறதுக்கு முன்னாடி சில விஷயம் கேட்டுக்கலாமா மேடம்?" என்று ஆரம்பியுங்கள். நல்ல கவுன்சிலர் இதற்குச் சந்தோஷப்படுவார். பெரும்பாலும் நீங்கள் கேட்பதற்கு முன் அவரே சொல்லிவிடுவார்.

நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்? துறைக்கு, முதல்வருக்கு, மென்டாருக்கு ஏதாவது அறிக்கை கொடுப்பீர்களா? பல கல்லூரிகளில் மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் மேலே போகும், பெயர் போகாது. உங்கள் கல்லூரியில் எப்படி என்பதை அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதுவீர்களா, அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும்? கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அன்றைக்கு நான் கேட்டதிலேயே மிகவும் உதவிய கேள்வி இதுதான். அவர் பதில் சொல்லாமல் எழுந்து பீரோவைத் திறந்து காட்டினார். கோப்புகளின் முதுகில் பெயர் இல்லை, எண் மட்டும். சாவி அவர் கைப்பையில் இருந்தது. அதற்கப்புறம்தான் எனக்குப் பேச்சே வந்தது.

வீட்டுக்குச் சொல்வீர்களா? 18 வயது நிரம்பியவர் என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் நெறி. 17 வயதில் கல்லூரிக்கு வருபவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் விஷயத்தில் பெற்றோரைச் சேர்க்க வேண்டிய தேவை வரலாம். அதனால் பிறந்த தேதியை முதலிலேயே சொல்லி, என்னென்ன வீட்டுக்குப் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது ரகசியத்தை உடைப்பீர்கள்? இதற்கு "எப்பவுமே மாட்டேன்" என்று பதில் வந்தால் அவர் பாதிதான் சொல்கிறார். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அவர் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் மீதான பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இவை தவிர மற்றதெல்லாம் அறைக்குள்தான் என்று சொல்பவரை நம்பலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதன் 23-ஆம் பிரிவில், சிகிச்சை பெறுபவரின் மனநல விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. மருத்துவமனை, மருத்துவர், சைக்காலஜிஸ்ட் என்றால் இது நேராகப் பொருந்தும். கல்லூரிக் கவுன்சிலர் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர் என்பது அவர் படிப்பையும் கல்லூரி விதியையும் பொறுத்தது. அதனால் அந்த விதி எழுத்தில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. "சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பதில்கள் திருப்தியாக இல்லையா? "நன்றி மேடம், யோசிச்சிட்டு வரேன்" என்று எழுந்து வந்துவிடலாம். கதையே சொல்லவில்லை என்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆறாம் படி: பேசுவது

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிப்பது எல்லோருக்கும் நடப்பது. நேற்றைய நாளைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த வகுப்புக்குப் போகவில்லை, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிவரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள் என்று வரிசையாகச் சொன்னாலே போதும், முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். முன்னாடியே கைப்பேசியில் நாலு வரி குறித்துக்கொண்டு போய் அதைப் படித்தாலும் சரி.

சிலர் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுநாள் காலையில் "ஐயோ, ரொம்பச் சொல்லிட்டோமே" என்று நொந்துபோய் அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். முதல் நாளில் கொஞ்சமாகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். மேஜையில் டிஷ்யூ பெட்டியை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர் அறிவுரை சொல்லத் தொடங்கினால்? "அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கறாங்க, நெனைச்சுப் பாரு" என்பது நம் ஊரில் கவுன்சிலிங் என்ற பெயரில் அடிக்கடி நடக்கிற விஷயம். அதைக் கேட்க அந்த அறை எதற்கு, அத்தை வீட்டுக்குப் போனாலே போதும். நல்ல கவுன்சிலர் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கும். எதையாவது முயன்று பார்க்கச் சொல்வார், அடுத்த வாரம் அது என்ன ஆனது என்று மறக்காமல் கேட்பார். மூன்று சந்திப்பு கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு கவுன்சிலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆண், பெண் என்று உங்களுக்கு வசதிப்பட்டவரைக் கேட்கவும் உரிமை உண்டு. மதத்தை, சாதியை, காதலை, பாலினத்தைக் குறைசொல்லும் பேச்சு வந்தால் மூன்றுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: "டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னால்

இந்த இடத்தில் நிறையப் பேருக்குக் கால் தடுமாறும். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டலடித்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கீழ்ப்பாக்கம் 1794-இல் தொடங்கிய மருத்துவமனை. இன்று அதன் பெயர் அரசு மனநலக் காப்பகம், புறநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்புகிறவர்களே அங்கே நிறைய. சென்னைக்குப் போகவும் வேண்டாம். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், புறநோயாளிச் சீட்டுக்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் உங்களைப் பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டார். அவருக்கும் அதே கவலைதான்.

மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம்வரை ஆகும். முதல் வாரம் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரலாம். "ஒண்ணும் ஆகலையே" என்று பத்தாவது நாளில் நிறுத்துவதும், நன்றாக இருக்கிறதே என்று ஒரு மாதத்தில் தானாக நிறுத்துவதும் இரண்டும் தப்பு. நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான்.

பிளேஸ்மென்ட் பயம் தனி. நான் உட்கார்ந்த எந்த நேர்முகத்திலும் கவுன்சிலரிடம் போனாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மதிப்பெண், நிற்கும் அரியர், ஏன் இந்த செமஸ்டரில் மட்டும் இறங்கியிருக்கிறது என்பது. அந்த இறங்கிய செமஸ்டர் நான் போனஃபைடு வாங்கித் திரும்பிய செமஸ்டர்.

வீட்டில் சொல்வதானால்

சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. சொல்வதென்றால் போனில் வேண்டாம், ஊருக்குப் போகும்போது சொல்லுங்கள். "டிப்ரெஷன்" என்ற சொல்லைவிடத் "தூக்கம் வரலை, சாப்பிட முடியலை, அதுக்கு ஒரு மேடத்தைப் பார்க்கறேன்" என்பது வீட்டுக்குப் புரியும். எங்கள் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தம்மா எந்த ஊராம் சாமி?" என்றார். அன்றைக்கு அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. மறுவாரம் அவரே போன் செய்து, "அந்தம்மாளப் போய்ப் பாத்தியா?" என்றார்.

கல்லூரிக்குள் முடியாது என்றால்

கவுன்சிலர் உங்கள் துறைத் தலைவரின் மனைவி, அல்லது வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருபவர், அல்லது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அறை. அப்படியானால் வெளியே பாருங்கள். 14416 அவசரத்துக்கு மட்டுமான எண் இல்லை. 2022 அக்டோபரில் இந்தச் சேவை தொடங்கியபோது தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர் வைத்தார்கள். தேர்வு பயம், தூக்கமின்மை என்று எதற்கும் அழைக்கலாம், தேவைப்பட்டால் அருகில் யாரைப் பார்க்கலாம் என்றும் சொல்வார்கள். ஹாஸ்டல் வராந்தாவில் பேச முடியாது என்பவர்கள் மொட்டைமாடியை விட்டுவிட்டுக் கிரவுண்டைச் சுற்றி நடந்துகொண்டே பேசுங்கள். நடந்துகொண்டே போனில் பேசுகிறவரை ஹாஸ்டலில் யாரும் சந்தேகப்படுவதில்லை, காதலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அறைத்தோழருக்காகப் படிப்பவர்களுக்கு

"நீ கவுன்சிலிங் போ" என்று சொல்லாதீர்கள், அது அனுப்புகிற பேச்சு. "நானும் வரேன், வெளிய உக்காந்திருக்கேன், முடிச்சிட்டு டீ குடிக்கப் போலாம்" என்று சொல்லிப் பாருங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் ரகசியம் காக்கிறேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். வார்டனோ கவுன்சிலரோ 14416-ஓ, யாராவது பெரியவர் ஒருவர் அந்த ராத்திரியே உள்ளே வர வேண்டும்.

கடைசிப் படி: கிளம்பும்போது

படிப்பு முடியும்போது பலர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். வேலை கிடைத்துப் புது ஊருக்குப் போன முதல் மூன்று மாதம் ஹாஸ்டலின் முதல் மூன்று மாதத்தைப்போலவே இருக்கும். அதனால் போகும் ஊரில் யாரைப் பார்க்கலாம் என்று கேட்டு, ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் சீட்டின் நகலைத் தனியாக எடுத்துவையுங்கள். உங்கள் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், அப்புறம் என்ன செய்வார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். நோ டியூ படிவத்தை எடுத்துக்கொண்டு லைப்ரரி, லேப், மெஸ், ஹாஸ்டல் என்று கையெழுத்துக்கு அலைகிற அந்த வாரத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள். அந்தப் படிவத்தில் கவுன்சிலர் அறைக்கென்று கட்டம் கிடையாது. நீங்களாகத்தான் நினைவு வைத்துக்கொண்டு போக வேண்டும்.